யானை புகுந்த வயல்



போன வாரம் சமய வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, வரி கட்டறது அரசாங்க விஷயம். அதுக்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நிறைய இருக்கு. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரையே வரியைப் பற்றியதுதான். நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால், சின்ன நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால்? வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். இதை ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும், பாருங்க!

நம் நாட்டுக்கு வருவோம். 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. எல்லாருக்கும் அதே 6 தானே, நியாயம்தானே என்று தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 1,500 வெள்ளி சம்பளக்காரர் வரியுள்ள பொருள்களை 1,000 வெள்ளிக்கு வாங்கினால் வரி 60 வெள்ளி. சம்பளத்தில் 4 விழுக்காடு. 15,000 சம்பாதிப்பவர் 3,000 வெள்ளிக்கு வாங்கினாலும் வரி 180 தான். அவர் வருமானத்தில் 1.2 விழுக்காடு. 2018-இல் ஜிஎஸ்டி போய் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. பொருள் மேல் போடும் வரிகளுக்குப் பொதுவாக இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. வருமான வரி அப்படியில்லை. வருமானம் ஏற ஏற விழுக்காடும் ஏறும். தாங்கக்கூடிய தோளுக்குக் கூடுதல் பாரம்.

ஆனா யானையை மட்டும் குறை சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்காவுக்கு வரி இருந்தால், சம்பளம் கைக்கு வருமுன்னே பிடித்துவிடுகிறார்கள். அவரால் ஒளிக்க முடியாது. ரொக்க வியாபாரம் செய்யும் நம்மவர் சிலர் பாதி வரவைக் கணக்கில் காட்டுவதில்லை. கேட்டால், "கோயிலுக்கு உபயம் கொடுக்கிறேனே!" என்பார்கள். உபயம் நல்லதுதான். ஆனா அரசாங்க மருத்துவமனைக் கட்டில் உபயத்தில் வருவதில்லையே! அவர் கட்டாததை அந்த அக்கா சுமக்கிறார். வயலை மிதிப்பது இங்கே யார்?

கேள்வி கேட்ட தம்பி கார் கழுவும் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், மற்றவர்கள் போனபிறகு பக்கத்தில் வந்தார். "போன வருஷக் கணக்கை இப்ப திருத்திக் கொடுக்க முடியுமா அண்ணே?"

முடியும். வாரியம் கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொன்னால் அபராதமும் குறையும். திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்.