ஊர்வாசலில் சொல்லும் புகழ்



தபசு காலம் முழுவதும் நமது கோவிலில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பாஸ்கு இரவில் குருவானவர் அதை மறுபடி எடுத்துப் பாடும்போதுதான் நெஞ்சு குளிர்கிறது. 'அல்லேலூயா' என்னும் அவ்வார்த்தை எபிரேய பாஷை. 'ஹல்லேலூ' என்றால் துதியுங்கள். 'யா' என்பது ஆண்டவருடைய திருநாமத்தின் சுருக்கம். ஒருவனைப் பார்த்துச் சொன்னதல்ல, பலரைக் கூப்பிட்டுச் சொன்னது. ஆகையால் இது மூலையில் முணுமுணுக்கும் வார்த்தையன்று; சபை நடுவே வாய்விட்டுச் சொல்வது.

மனிதருக்கும் இதே வார்த்தையை வேதம் சொல்லுமோ? சொல்லுகிறது. நீதிமொழிகள் ஆகமம் 31-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரு குடும்பப் பெண். இருட்டோடு எழுந்திருக்கிறாள்; ஆட்டுரோமமும் சணலும் தேடி வாங்கி, கதிர் பிடித்து நூற்கிறாள்; துணியும் கச்சையும் செய்து வர்த்தகருக்கு விற்கிறாள். பிள்ளைகள் எழுந்து நின்று அவளை வாழ்த்துகிறார்கள், புருஷன் புகழுகிறான். கடைசி வசனமோ, ஊர்வாசலிலே அவளுடைய கைவேலையே அவளுக்குப் புகழ் சொல்லவேண்டும் என்கிறது. அக்காலத்தில் பெரியோர் கூடுவதும் வழக்குத் தீர்ப்பதும் ஊர்வாசலில்தான். புருஷன் வாயிலும் ஊர்வாசலிலும் வரும் அந்தப் புகழுக்கு எபிரேயத்தில் உள்ள வினை எது தெரியுமா? அல்லேலூயாவில் உள்ள அதே வினை!

ஆரணி வாசிகளாகிய நமக்கு இது தூரத்துக் கதையா? பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்குமுன் தார் சுற்றியது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். புடவை கடைக்குப் போனபின் கடையின் பெயர் நிற்கிறது. நெய்தவன் பெயரையே சொல்வாரில்லை. தார் சுற்றியவள் பெயரை யார் சொல்லப்போகிறார்? திருவிழாவில் உபயகாரர் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். வாசிக்கட்டும், கொடுத்தவர் கொடுத்தவரே.

அதற்காகப் புகழெல்லாம் நல்லதென்று சொல்லவில்லை. நம் தமிழில் 'ஸ்துதி'க்கு முன்னே 'முகம்' வந்து சேர்ந்தால் பொருள் கெட்டுவிடுகிறது. எபிரேயத்தில் அதே வினையைத் தன்மேல் திருப்பிக்கொண்டால் தற்பெருமை என்றாகும். அதே ஆகமம் 27-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது: நாளைய தினத்தைக் காட்டிப் பெருமை பேசலாகாது; நம்மைப் புகழவேண்டியது நம் வாயல்ல, அயலார் வாய்.

அவள் தானே சொல்லிக்கொள்ளலாகாது என்றால், சொல்லவேண்டிய கடன் யார்மேல் விழுகிறது? அடுத்த புடவையை மடித்து முதலாளியிடம் கொண்டுபோகும்போது, "தார் சுற்றியது என் வீட்டுக்காரி" என்று நாலுபேர் கேட்கச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு உரிய கூலியைப் பற்றிய பேச்சு வேறு. அதையும் விட்டுவிட வேண்டாம்.