மன்னன் அனுப்பாத தூது

பகைகொண்ட இரு நாடுகளின் அரசுகள் நேரில் பேச மறுக்கும்போது, அவற்றுக்கு நெருக்கமான அறிஞர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஆய்வுக் கழகங்களின் அழைப்பை ஏற்று ஓரிடத்தில் கூடி, பதவியை வாசலில் விட்டுவிட்டுத் தத்தம் சொந்தக் கருத்தாகப் பேசிக்கொள்ளும் முறையை இரண்டாம் தட அரசதந்திரம் என்பர். அரசுகளுக்கு இடையிலான முறையான பேச்சை முதல் தடமாகக் கொண்டு, 1981இல் ஜோசப் மாண்ட்வில் என்ற அமெரிக்க அரசதந்திரி இதற்கு இப்பெயரை வழங்கினார். இரண்டாம் தடத்தில் சொல்லப்படுவது எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. அதனால்தான் மனந்திறந்து பேச முடிகிறது. ஆயின், எவரையும் கட்டுப்படுத்தாத சொல்லுக்கு அறத்தில் என்ன மதிப்பு உண்டு, ஒருவர் தம்மையும் தம் பதவியையும் பிரித்துவைத்துப் பேசுவது வாய்மைக்குள் அடங்குமா என்னும் வினாக்களை, இம்முறையின் பயனை மட்டும் போற்றுவோர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

தூதுக்கெனத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், இடமறிந்து தாமே வகுத்துச் சொல்பவர் என்றும், சொல்லி அனுப்பியதைச் சொல்பவர் என்றும் தூதரைப் பிரிக்கிறார். இருவருக்குப் பின்னாலும் ஒரு மன்னன் நிற்கிறான். மன்னன் அனுப்பாத தூதரைக் காணப் புறநானூற்றுக்குத்தான் செல்ல வேண்டும். சோழர் குடிக்குள்ளேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து முற்றுகையில் நின்றபோது, புலவர் கோவூர் கிழார் இடையே புகுந்து, இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்தி மாலை என்பதையும், எவர் தோற்றாலும் தோற்பது அவர்தம் குடியே என்பதையும் எடுத்துரைத்தார். அடைத்த மதிலுக்குள் பாலின்றிக் குழந்தைகள் அலறுவதை நெடுங்கிள்ளியிடமே சொல்லி, கதவைத் திற அல்லது வெளியே வந்து போரிடு என்று இடித்துரைத்தவரும் அவரே. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, தடுத்துக் காத்தவரும் அவரே. இரு பக்கமும் நடப்பவரை இரு பக்கமும் ஐயுறுவது அன்றே தொடங்கிவிட்டது.

நம் காலத்தில் சிங்கப்பூர் இத்தகைய இரண்டாம் தடச் சந்திப்புகளுக்கு நெடுங்காலமாக இடமளித்து வருகிறது. ஒருவரையொருவர் அரசாக ஏற்காத சீனாவும் தைவானும், 1990, 1991ஆம் ஆண்டுகளில் அரசு சாராத வடிவில் ஆளுக்கோர் அமைப்பை நிறுவின; அவற்றின் தலைவர்களான வாங் டாவ்ஹானும் கூ சென்ஃபூவும் 1993 ஏப்ரல் 27 முதல் 29 வரை இங்குக் கூடிப் பேசினர். ஆய்வாளர் சந்திப்பைவிட இது அரசுக்கு நெருக்கமானது என்றாலும், அறவினா இரண்டிலும் ஒன்றே. அவர்கள் உடன்பட்டவற்றுள் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும் பதிவுத் தபாலும் இருந்தன. கடல் பிரித்த குடும்பங்களுக்கு அவை சிறியவை அல்ல. 2015 நவம்பர் 7 அன்று இரு தரப்புத் தலைவர்களான ஷி ஜின்பிங்கும் மா யிங்ஜியோவும் இதே ஊரில் சந்தித்தபோது, பதவிப் பெயரைத் தவிர்த்து ஒருவரையொருவர் ‘திரு’ என்றே விளித்தனர். இதைப் பொய் எனல் பொருந்தாது. பொய்க்கு ஏமாறுபவர் ஒருவர் வேண்டும். இங்கோ வேடத்தை இருவரும் அறிவர், உலகமும் அறியும். கூத்தில் அரசன் வேடம் கட்டியவர் எவரையும் ஏய்ப்பதில்லை.

அரசு முன்கூட்டியே வகுத்த சொல், ஆய்வின் முடிவு என்ற பெயரில் அவைக்கு வரும்போதுதான் வேடம் பொய்யாகிறது. இவ்விடர் சிங்கப்பூரின் அமைப்புமுறையிலேயே உள்ளது. தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 1968இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. 1996இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தற்காப்பு, உத்திபூர்வ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் எஸ்.ஆர். நாதன், அதுவரை அமெரிக்காவுக்கான தூதராக இருந்தவர், 1999இல் நாட்டின் அதிபரானவர். அக்கழகம் 2007இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்னத்தின் பெயரை ஏற்றது. ஆட்சிக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் இக்கழகங்களின் சொல் ஆள்வோர் செவியில் ஏறுகிறது. ஆசியான் ஆய்வுக் கழகங்களின் கூட்டமைப்பு 1991இல் முன்வைத்த பாதுகாப்பு உரையாடல் யோசனை, 1994இல் ஆசியான் வட்டார மன்றம் உருவாகத் துணைநின்றது. ஆனால் அதே நெருக்கம் நாவையும் கட்டக்கூடும். எதிர்த்தரப்பிடம் நயமாகப் பேசியதை வைத்து இரண்டாம் தடத் தூதரை எடைபோட இயலாது. அங்குக் கேட்ட கசப்பான உண்மையைத் தம் தரப்பு ஆள்வோரிடம் குறைக்காமல் சொன்னாரா என்பதே உரைகல்.

பேச்சு நடக்கும் அறைக்குள் இல்லாதவர்களைப் பற்றிய வினாவும் எஞ்சுகிறது. தெம்பனிஸ் வட்டாரத்தில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குச் சற்று அப்பால், கணினிச் சில்லு செய்யும் ஆலைகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றை 2019இல் தைவானிய நிறுவனம் ஒன்று வாங்கியது. வல்லரசுகள் இன்று சில்லுகளுக்காகவும் மல்லுக்கு நிற்பதால், தைவான் நீரிணையில் போர் மூண்டால் அங்கு இரவு வேலைக்குச் செல்பவரின் பிழைப்பும் குலையும். பேசியது எது என்று சொல்லலாம், பேசியவர் யார் என்று சொல்லலாகாது என்னும் விதி இத்தகைய கூட்டங்களில் பெரிதும் வழங்குகிறது. பேசுபவரைக் காப்பதற்கு அவ்விதி தேவைதான். எனினும் தம் பொருட்டு எவர் எதைச் சொன்னார், எவர் வாய்மூடி இருந்தார் என்பதை அந்தத் தெம்பனிஸ் தொழிலாளி அறிய அது வழி விடுவதில்லை.