கேட்பது இரத்தலாகுமா?

வள்ளுவர் தம் நூலில் 'இரவு' என ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே 'இரவச்சம்' என மற்றோர் அதிகாரமும் வைத்துள்ளார். 106-ஆவது அதிகாரம் கேட்பதற்கு இடம் தருகின்றது. 107-ஆவது அதிகாரம் கேட்பதற்கு அஞ்சச் சொல்கின்றது. இஃது முன்னுக்குப் பின் முரணன்றோ எனச் சிலர் வினவுவர். முரணன்று. கேட்டல் என்னும் ஒரே செயல், செய்யும் முறையால் மானமுள்ளதாகவும் ஆகும், மானமற்றதாகவும் ஆகும் என்பதே அதன் கருத்தென யான் கொள்கின்றேன். அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் மேற்படிப்புக் கருதி, முன்பின் அறியாத பேராசிரியர்களுக்கு நம் இளைஞர் எழுதும் மின்னஞ்சல்களைப் பற்றிச் சில கூற விரும்புவதால் இதனை முதற்கண் எடுத்துக் கொண்டேன். அவ்வாறு எழுதுவது இரத்தலா? அன்றி வேறொன்றா?

தோட்டத்துக் கிராணிக்குக் கணக்கெழுதும் வேலையோடு கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலையும் உண்டு. ஆங்கிலம் அறிந்தவன் என்னும் பெயர் எனக்கு இருப்பதால், கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள எம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் சில திங்களுக்கு முன் என்னிடம் வந்தாள். மண்ணைப் பற்றிய படிப்பில் பட்டம் பெற்றவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தரகரிடம் பணம் கட்டி, மாதிரி மடல் ஒன்றைப் பெற்று வந்திருந்தாள். அதில் பேராசிரியர் பெயருக்கு ஓரிடமும், அவர் எழுதிய கட்டுரையின் பெயருக்கு ஓரிடமும் வெற்றாக விடப்பட்டிருந்தன. எஞ்சியவை யாவும் புகழ்மொழி. பெயரை மட்டும் மாற்றி, அம்மடலையே நாற்பது பேருக்கு அனுப்பலாமாம்.

யான் அதனைத் தடுத்தேனா? இல்லை, அழகுபடுத்தினேன். அப்பேராசிரியரின் ஆராய்ச்சியே தன் வாழ்விற்கு வழிகாட்டியாய் விளங்கிற்று என்னும் பொருள்பட ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன். அதனைப் படித்த அப்பெண், "அண்ணே, இந்த ஆராய்ச்சியை நான் படித்ததே இல்லையே, நீங்கள் படித்தீர்களா?" என்றாள்.

"எல்லாரும் இப்படித்தானம்மா எழுதுகிறார்கள்" என்றேன். வேறு விடை என்னிடம் இல்லை. அவள் தாளை மடித்து எடுத்துக் கொண்டு போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி மட்டும் என் மேசையை விட்டுப் போகவில்லை.

நிற்க. என்னைப் போலவே மேசை முன் அமர்ந்து கணக்கெழுதிய ஒருவர் எழுதிய மடல் உலகறிந்த ஒன்று. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து, ஏனைய பாடங்களில் தவறி, எஃப்.ஏ. தேர்வில் தேறாது போனவர். 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் இருந்தார். 1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு மடல் எழுதினார். அம்மடலில் தாம் ஓர் எழுத்தர் என்பதையும், ஆண்டுக்கு 20 பவுனே ஊதியம் என்பதையும், பல்கலைக் கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் மறையாது கூறினார். பின்னர், ஹார்டி எழுதிய சிறு நூலொன்றின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டி, பகா எண்களைப் பற்றி இன்னும் காணப்படவில்லை என அங்குச் சொல்லப்பட்ட ஒன்றைத் தாம் கண்டிருப்பதாக எழுதினார். சுமார் 120 தேற்றங்களை உடன் வைத்தார். அவற்றில் மதிப்புள்ளவை எவையேனும் இருப்பின் வெளியிட உதவுக எனக் கேட்டார்.

வாசகர்காள், இங்கு ஒன்றை ஊன்றி நோக்குக. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கண்டதாகக் கூறியது பிழையென்று பின்னர்த் தெரிந்தது. ஆனால் அது பிழையேயன்றிப் பொய்யன்று. ஹார்டியின் நூலை அவர் உண்மையாகவே படித்திருந்தார், அதனோடு வாதிட்டார். பிழை செய்தவனை ஆசிரியன் திருத்தலாம்; பொய் சொன்னவனிடம் திருத்துவதற்கு யாது உளது? படியாத நூலைப் படித்தேன் என்பவன் ஆசிரியனிடம் மாணவனாகச் செல்லவில்லை. வாடிக்கைக்காரனிடம் வணிகனாகச் செல்கின்றான்.

இரப்பவன் யார்? தன்னிடம் ஒன்றுமில்லாது கையை மட்டும் நீட்டுபவன். தான் உழைத்துக் கண்ட ஒன்றை முன்வைத்து, "இதன் மதிப்பு யாது?" எனக் கேட்பவன் இரப்பவனல்லன். அவன் கேட்பது ஈகையன்று, நீதி. இராமானுஜனும் தம் வறுமையைக் கூறினார். ஆயினும் அவ்வறுமையை அவர் விலைப்பொருளாக்கவில்லை. விலை கேட்டது தம் வேலைக்கே.

"அவருக்குத் துணை நின்றோர் பலர், நம் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் உளர்?" என்று கேட்பது நியாயமே. துறைமுக அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் அவருக்கு ஆதரவளித்தனர். சாதியும் செல்வாக்கும் திறந்துவிடும் கதவுகள் சில உண்டு. அவை நம் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. யான் சொல்ல வந்ததும் இதுவே. சிபாரிசு என்னும் நோய் நம் சமுதாயத்தை அரித்து வருகின்றது. எங்குச் சென்றாலும், "யார் மகன்? யாருக்கு வேண்டியவன்?" என்றே கேட்கின்றனர். முன்பின் அறியாதவருக்கு எழுதும் மடலோ, தந்தை பெயரும் குலப் பெயரும் கேளாத வாயில்களுள் ஒன்று. அங்கு ஒருவன் தன் வேலையோடு தனியே நிற்கலாம். சிபாரிசு இல்லாதவனுக்கு உண்மையே சிபாரிசு. அதனையும் அவன் பொய்ப் புகழுக்கு விற்றுவிட்டால் அவனிடம் எஞ்சுவது என்ன?

முகத்துதி செய்யும் இப்பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? துரைமாருக்கு மனு எழுதிய காலத்திலிருந்து வந்தது என்பேன். தந்தையே, தெய்வமே என விளித்து, அடியேன் எனத் தாழ்ந்து, பின்னரே அரைநாள் விடுப்பைக் கேட்ட காலம் அது. அன்று நம் பாட்டன்மாருக்கு வேறு வழியில்லை. இன்று பட்டம் பெற்ற பேரப்பிள்ளை, ஆங்கிலத்தை மட்டும் மாற்றி, அம்மனுவையே மின்னஞ்சலில் அனுப்புவது தகுமா?

"இராமானுஜன் மேதை, நாங்கள் மேதைகளல்லேம்" என்பர் இளைஞர். 120 தேற்றங்கள் வேண்டா. உண்மையான வினா ஒன்று போதும். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சந்திரசேகர், 1929-இல் தாம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபௌலருக்கு அனுப்பினார். அறிமுகம் செய்தது அக்கட்டுரையே. 1930-இல் கப்பலேறி அவரிடமே மாணவரானார். 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். பரிசு எல்லார்க்கும் வாராது. ஆயினும் அம்முறை எல்லார்க்கும் உரியது.

நடைமுறையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஆராய்ச்சிப் பட்டம் நாடுவோர், மேற்பார்வை செய்யத் தக்க பேராசிரியரை முன்னரே அணுகுவது பெருவழக்கு. அமெரிக்காவிலோ பல துறைகளில் ஒரு குழுவே மாணவரைத் தேர்கின்றது. பேராசிரியர் ஒருவரால் மட்டும் இடமளிக்க இயலாது. இதனை அறியாது, விடை வாராமையை அவமதிப்பெனக் கொள்வது தவறு. மடல் சுருக்கமாய் இருத்தல் வேண்டும். யான் யார், தங்கள் எழுத்தில் எதனைப் படித்தேன், யான் செய்தது யாது, என் ஐயம் யாது, மாணவரை ஏற்கும் எண்ணம் உண்டா என்னும் ஐந்தும் போதும். இரண்டு மூன்று கிழமை காத்திருந்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் எழுதுவது தொல்லை. ஹார்டிக்கு முன்னர் இராமானுஜன் எழுதிய பேக்கர், ஹாப்சன் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவர்தம் மௌனத்தால் அவருடைய கணிதம் குறைவுபடவுமில்லை.

மொழியில் வல்லார்க்கும் ஒரு கடமை உண்டு. பிறர் மடலில் இலக்கணத்தைத் திருத்தலாம். அவருடைய நெஞ்சைத் திருத்தலாகாது. இன்று கணிப்பொறியே நொடியில் மடல் எழுதித் தருகின்றது. அதற்கும் இவ்வறமே பொருந்தும்.

சில நாள் கழித்து அப்பெண் மீண்டும் வந்தாள். மடலைத் தானே எழுதியிருந்தாள். கடலோரச் செம்பனைத் தோட்டங்களில், மக்கிய தழைகளாலாகிய சதுப்பு மண் வடிகால் வெட்டியதும் வற்றித் தாழ்கின்றது. தன் பட்டப்படிப்பின்போது அவள் ஒரு கோலை நட்டு, அத்தாழ்வைத் திங்கள்தோறும் அளந்திருந்தாள். அவ்வளவையும், அதில் தனக்கு விளங்காத ஒன்றையும் எழுதி, அது பற்றிய கட்டுரைகளைப் படித்து, அவற்றை எழுதிய ஐவருக்கு மட்டும் அனுப்பினாள். யான் திருத்தியவை மூன்று எழுத்துப் பிழைகளே.

இதனை எழுதும் வரை ஒருவரிடமிருந்தே விடை வந்துள்ளது. இவ்வாண்டு இடமில்லை என்றார். ஆனால் அவள் வினாவிற்கு நான்கு வரியில் விளக்கம் தந்து, அடுத்து அளக்க வேண்டியது எது என்பதையும் சொல்லியிருந்தார். அவள் அதனை என்னிடம் உரக்கப் படித்துக் காட்டினாள். இரந்தவளின் குரலாக அஃது எனக்குக் கேட்கவில்லை.

அவள் போன பின் என் மேசையைப் பார்த்தேன். தொழிலாளர் கொடுத்த விண்ணப்பங்கள் சில, விடை எழுதப்படாமல் அங்குக் கிடந்தன. கடல் கடந்த பேராசிரியர் முன்பின் அறியாத ஒருத்திக்கு விடை எழுத வேண்டுமென்று எதிர்பார்க்கும் யான், அறிந்தவர்க்கே எழுதாதிருந்தேன். அன்று அவற்றை முடித்த பின்னரே வீடு சென்றேன்.