போதும் என்னும் எல்லை

தேவை எது, ஆசை எது என்னும் வினா மிகப் பழைமையானது. உணவைப் பொறுத்தவரை அதற்கு விடை காண்பது எளிது. வயிறு நிறைந்ததும் கை தானே நின்றுவிடுகிறது. ஆனால், நிறைவைக் காட்டும் வயிறு எல்லாப் பொருள்களுக்கும் வாய்க்கவில்லை. இன்று இல்லந்தோறும் இடம்பெற்றுவிட்ட கணினி அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதனை விளையாட்டுக்கென மேம்படுத்த முனைபவன் எங்கே நிற்க வேண்டும் என்பது, சிறு செய்தி போலத் தோன்றினும், அறத்தைச் சார்ந்த வினாவே ஆகும்.

ஓர் இளைஞன் பகுதிநேர வேலை செய்து ஆயிரம் ரிங்கிட் சேர்த்துக்கொண்டு, கோலாலம்பூரில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குப் புறப்படுகிறான் எனக் கொள்க. 2017ஆம் ஆண்டில் வாங்கிய அவனுடைய கணினியில் புதிய விளையாட்டுகள் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடுகின்றன. எதை வாங்குவது என்பது அவன் முன் நிற்கும் முதல் வினா. எப்போது நிறுத்துவது என்பது இரண்டாவது. முன்னதற்கு அறிவு போதும்; பின்னதற்கு மன உறுதியும் வேண்டும்.

விளையாட்டின் நிகழ்வுகளைக் கணக்கிடுவது செயலி. அவற்றைக் காட்சியாகத் தீட்டித் தருவது கிராஃபிக்ஸ் கார்டு. உடனடியாக வேண்டிய தரவுகளைக் கையருகே வைத்திருப்பது ரேம். அனைத்தையும் சேமித்து வைப்பது ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. கைகோத்துச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையில், மெல்ல நடக்கும் பிள்ளையின் வேகமே வரிசை முழுவதற்கும் வேகமாகிவிடுகிறது. கணினியின் நிலையும் அதுவே. பின்தங்கும் உறுப்பு எது என்று அறியாமல் பணத்தைச் செலவிடுதல், நோயறியாது மருந்துண்பதற்கு ஒப்பாகும். கிராஃபிக்ஸ் கார்டு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்போது எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தினால், விளையாட்டு விரைவில் திறக்குமேயன்றிக் காட்சியின் ஓட்டம் பெரிதும் மாறாது. ஒரே ரேம் பட்டை மட்டும் உள்ள கணினியில் அதற்கு இணையான மற்றொன்றைச் சேர்த்தால் நல்ல பயன் கிட்டக்கூடும். ஆயினும், 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரேமின் விலை கடுமையாக ஏறியபோது அதனையும் எண்ணிச் செய்ய வேண்டியதாயிற்று. உள்ளே படிந்த தூசியை நீக்குவதற்கும், நிழல் முதலிய காட்சி நுணுக்கங்களைச் சற்றே குறைத்து வைப்பதற்கும் செலவே இல்லை.

இவ்வாறு ஆராய்ந்து, பின்தங்கிய உறுப்பை ஒருவன் மாற்றிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். புதிய கிராஃபிக்ஸ் கார்டு வந்தவுடன் செயலி மெதுவாகத் தோன்றுகிறது. செயலியை மாற்றினால் பழைய மதர்போர்டு அதனை ஏற்பதில்லை. மதர்போர்டையும் மாற்றினால், டி.டி.ஆர்.4 வகையைச் சேர்ந்த பழைய ரேம் புதியதில் பொருந்தாமல் போகிறது. பவர் சப்ளை ஆற்றல் போதாதென்கிறது. இறுதியில் திரையும் பழையதாகிவிடுகிறது. குறை தீரவில்லை, இடம் மாறிக்கொண்டே செல்கிறது. எந்த வரிசையிலும் மெல்ல நடப்பவர் ஒருவர் இருந்தே தீர்வார் அல்லவா? ஆதலின், ‘போதும்’ என்னும் சொல் பொறியிடமிருந்து ஒருநாளும் வாராது. அதனை மனிதனே சொல்ல வேண்டும். கடைக்குள் நுழையும் முன்பே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உயர்தரக் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றின் விலை அதைப்போல் பல மடங்கு. செல்வர் மகன் விரும்பியதை வாங்க, தொழிலாளி மகனுக்கு மட்டும் ‘போதும்’ என்று போதிப்பது நீதியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழையை அடக்கி வைப்பதற்கான ஆறுதல் மொழியாக மட்டும் அச்சொல் பயன்படுமானால், அதனைத் தள்ளுவதே முறை.

வள்ளுவர் வகுத்த வைப்புமுறை இதற்கு விடை தருகிறது. அவா அறுத்தல் என்னும் அதிகாரத்தை அவர் துறவறவியலில் வைத்தார். தன் அளவறிந்து வாழ்தல் என்னும் கருத்தையோ, பொருட்பாலில் அரசனை நோக்கிப் பேசும் வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்தார். அளவறிதல் துறவிக்கு உரிய வறுமை நோன்பன்று. ஆளுபவனுக்கு வேண்டிய திறன் என்பது இதனால் விளங்கும். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் அது பொது. சொல்லப்போனால், பணமுடையவனைத் தடுக்கப் புறச்சுவர் எதுவும் இல்லாமையால், அத்திறன் அவனுக்கே மிகுதியும் வேண்டப்படுகிறது.

பழியனைத்தையும் வாங்குவோர்மேல் சுமத்துவதும் தகாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. நன்றாக இயங்கிய கணினிகள் பல, விண்டோஸ் 11 கேட்ட தகுதி இல்லாமையால் ஒதுக்கப்படும் நிலைக்கு வந்தன. இங்கே தேவை பிறரால் உண்டாக்கப்படுகிறது. மாறாக, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகை மதர்போர்டுகளுள் 2017ஆம் ஆண்டைச் சேர்ந்த பல, மென்பொருள் புதுப்பிப்புக்குப்பின் 2022இல் வெளிவந்த செயலியையும் ஏற்றன. செய்வோர் மனம் வைத்தால் பொருளின் ஆயுளை நீட்டிக்கலாம் என்பதற்கு இது சான்று.

விளையாட்டே வீண் எனக் கடியும் பெரியோரும் உளர். பல்லாங்குழியும் தாயமும் எந்தத் தேர்வுக்காக ஆடப்பட்டன? உழைத்தவன் களிப்புறுவதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அந்தக் களிப்பு யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. தன் மிச்சத்தில் வாங்கியது மகிழ்ச்சி தரும். தங்கையின் பள்ளிச் செலவைத் தள்ளிப்போட்டு, தந்தையின் பெயரில் தவணை எழுதி வாங்கியது, எவ்வளவு விரைந்து ஓடினாலும் வீட்டாரின் நெஞ்சில் சுமையாகவே இருக்கும்.

எனவே, கடைக்குப் புறப்படும் இளைஞன் மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று: ஆட விரும்பும் விளையாட்டு எது, எத்தகைய காட்சி தனக்குப் போதும், செலவிடத்தக்க தொகை எவ்வளவு. அவை கைகூடியபின் கடைக்காரர் காட்டும் அடுத்த பொருளுக்கு நன்றி கூறிவிட்டு வீடு திரும்பலாம். ஆடுவதற்கென்று வாங்கப்போனவன் வாங்குவதையே ஆட்டமாக்கிக்கொண்டால், அவன் விரும்பிய விளையாட்டுக்குப் பணமும் எஞ்சாது, பொழுதும் எஞ்சாது.