கிறுக்கு

தாளில் கிறுக்குவதற்கும் தெருவில் திரியும் கிறுக்கனுக்கும் தமிழில் ஒரே சொல்தான். இறைவனையே பித்தன் என்று கொண்டாடிய மொழி வேறு. கலைஞன் என்றால் கொஞ்சம் மரை கழன்றிருக்க வேண்டும் என்ற நினைப்பை நாம் வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நினைப்புக்கு முதல் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுபவர் ஓவியர் வான்கோ. 1888 டிசம்பரில் பிரான்சின் ஆர்ல் நகரில் காதை அறுத்துக்கொண்டார். சில வாரங்களில், இவரை ஊரில் வைத்திருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் முப்பது பேர் மேயருக்கு மனுப் போட்டார்கள். அவரை அடைத்து வைத்த மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கிய கலை மையம். ஓவியம் விலைபோனதும் பைத்தியத்துக்கும் மரியாதை வந்துவிட்டது.

பித்துதான் அந்த ஓவியங்களைத் தந்ததா? 1889 மே மாதம் சான் ரெமி மனநலக் காப்பகத்துக்குப் போனவர் ஓராண்டில் ஏறத்தாழ 150 படங்கள் வரைந்தார். ‘நட்சத்திர இரவு’ அந்த ஜூனில் வந்தது. காப்பகத்தில் நோய் முதலில் தாக்கியது ஜூலையில். தாக்கிய நாட்களில் வண்ணத்தைத் தின்ன முயன்றார். பிறகு வாரக்கணக்கில் தூரிகையே இல்லை. தெளிந்த பிறகுதான் மீண்டும் வரைந்தார்.

சிற்பி கமீல் க்ளோதெலின் கதை இன்னும் கொடியது. ஒருகாலத்தில் தன் ஆசானாக இருந்த சிற்பி ரொதேன் தன் படைப்புகளைத் திருடுகிறார், விஷம் வைக்கப் பார்க்கிறார் என்று அவர் நம்பினார். நோய் உண்மைதான், மறுப்பதற்கில்லை. 1913 மார்ச்சில், தந்தை இறந்த எட்டாம் நாள், காப்பகத்தில் அடைக்கப்பட்டார். பின்னாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்களே சொல்லியும் தாய் இணங்கவில்லை. கவிஞரும் தூதருமான தம்பி எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போனார். 1943இல் கமீல் காப்பகத்திலேயே இறந்தார். எலும்பு எங்கே என்றுகூடத் தெரியாத பொதுக்குழி. பித்து மேதைமை தரும் என்றால் அந்த முப்பது ஆண்டுகளும் சிலைகளால் நிறைந்திருக்க வேண்டும். அவர் அங்கே சிற்பம் செய்யவே இல்லை. அவர் பெயரில் 2017இல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

மாத்திரை கொடுத்திருந்தால் நமக்கு ஒரு வான்கோ கிடைத்திருப்பாரா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் வலியைத் தாங்குபவர் அல்ல, படத்தைப் பார்க்க வருபவர். இன்னொருவர் தூக்கத்தை விற்று நமக்குச் சித்திரம் வாங்கும் பேரம் அது. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல் 1967 முதல் மனநோய்க்கு லித்தியம் மருந்து சாப்பிட்டுக்கொண்டே எழுதினார். 1974இல் புலிட்சர் பரிசும் பெற்றார். மருந்து மனத்தை மந்தமாக்குகிறது, கையை நடுங்கவைக்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று எடைபோடும் தராசு நோயாளி கையில் இருக்க வேண்டும், ரசிகன் கையில் அல்ல.

இந்தப் பேரத்தில் கொடுக்கச் சித்திரம் ஒன்றுமில்லாத நோயாளிகள் என்ன ஆவார்கள்? 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை.