பதவியைக் கேட்டல் தகுமா?

பொதுப் பதவிக்குத் தம்மைத் தாமே முன்னிறுத்திக்கொள்வது முறையோ என்னும் தயக்கம் நல்லோர் பலரைத் திண்ணையிலேயே அமர்த்தி வைத்திருக்கிறது. பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பஞ்சம் சூழவிருந்த எகிப்தில் களஞ்சியப் பொறுப்பை யூசுப் (அலை) அவர்கள் தாமே கேட்டுப் பெற்றதையும் திருமறை எடுத்துரைக்கிறது. ஆசையால் கேட்பது வேறு. தாம் அறிந்த பணியை மக்களின் பசி கருதிச் சுமக்க முன்வருவது வேறு.

சட்டமன்ற வாசல் எளியோர்க்குச் சற்று உயரந்தான். 1996-இல் மொடக்குறிச்சியில் உழவர்கள் தம் குறையை உணர்த்தத் திரளாக மனுச் செய்து, 1,033 வேட்பாளர்கள் களத்தில் நிற்க, வாக்குச்சீட்டே புத்தகமாயிற்று! அவ்வாண்டே 250 ரூபாய் வைப்புத்தொகை 5,000 ஆனது, இன்று 10,000.

கிராம ஊராட்சியின் வாசலோ தாழ்வானது. 21 வயதும், அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கான வைப்புத்தொகை 200 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு அதிற் பாதி. கட்சிச் சின்னம் கிடையாது. 2016-இல் இயற்றப்பட்ட திருத்தம் இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆகவே இதனை வாசிக்கும் சகோதரிகளும் தமக்குரியதன்று எனத் தாளைப் புரட்டிவிட வேண்டா.

ஆயினும் அந்தத் தாழ்ந்த வாசலிலும் சில ஊர்களில் தாழ்ப்பாள் விழுகிறது. 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவர் பதவியே ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கையும் விடுத்தது. ஏலத் தொகை கோயில் திருப்பணிக்கும் பொதுக் காரியங்களுக்கும்தானே போகிறது, தேர்தல் பகையும் செலவும் மிச்சமாகின்றனவே என்பர். பகை குறைவது நன்றே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பணம் யாருக்குரிய பொருளின் விலை? கூலி வேலை செய்யும் ஒருவரின் வாக்கு அவரைக் கேளாமலே விற்கப்பட்டிருக்கிறது. விலை கொடுத்தவரோ தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும் முதலைத் திரும்ப எடுக்கவே பார்ப்பார். ஒற்றுமை என்ற நல்ல பெயரை இதற்குச் சூட்டுவது எனக்கு உடன்பாடன்று.

இத்தகைய ஊரில் ஒரு தையற்காரரோ பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவரோ மனுத் தாக்கல் செய்ய எழுந்தால், தோற்பது ஏறக்குறைய உறுதி. கடையில் பேச்சு நிற்கும். திருமண அழைப்பும் குறையலாம். அவருக்கு முன்மொழிபவர் ஒருவரின் கையொப்பமும் தேவை. மஹல்லாவில் மதிப்புடைய நம் பெரியவர்கள் பலர், தாம் போட்டியிட மறுப்பதைப் பணிவு என்கிறார்கள், இருக்கட்டும். அந்தத் தாளுடன் அவர் தங்கள் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வார்கள்?