தொண்டும் ஓய்வூதியமும்: அயர்லாந்தின் ஊர்ப்புறப் போராளிகள்

விரும்பி ஏற்ற நாட்டுப் பணிக்குப் பின்னாளில் அரசிடம் பணம் கேட்பது அறமாகுமா என்னும் வினா, அயர்லாந்தில் ஒரு தலைமுறைக் காலம் சட்டமாகவும் படிவமாகவும் விசாரணையாகவும் நீடித்தது. 1924-இல் இயற்றப்பட்ட படைத்துறைச் சேவை ஓய்வூதியச் சட்டம், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் பங்கேற்று, அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரில் புதிய அரசின் தேசியப் படையிலும் பணியாற்றியோரை மட்டுமே கருத்தில் கொண்டது. 1921 டிசம்பரில் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்படிக்கையை ஏற்காமல் எதிரணியில் நின்றவர்களும், நேற்றைய தோழர்மீது துப்பாக்கி தூக்க மனமின்றி ஒதுங்கிவிட்டவர்களும் அதில் இடம்பெறவில்லை. உடன்படிக்கையை எதிர்த்து நின்று பின்னர் ஆட்சிக்கு வந்த டி வலேராவின் அரசு 1934-இல் கொண்டுவந்த சட்டமே அவர்களுக்கு வழிவிட்டது. இவ்விரு சட்டங்களின் கீழ் விண்ணப்பித்தோர் 80,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே ஓய்வூதியம் கிடைத்தது.

கேட்பதே தவறு என்று கருதியவர்கள் போராளிகளுக்குள்ளேயே இருந்தனர். கூலிக்காகப் போரிடவில்லை என்றும், கனவு கண்ட குடியரசு இன்னும் பிறக்கவில்லை என்றும் சொல்லி விண்ணப்பிக்க மறுத்த அவர்களது உறுதி மதிக்கத்தக்கது. ஆயினும் அந்த உறுதியைப் பிறர்க்கு விதியாக்குவது நியாயமன்று. பிரிட்டனுடனான வணிக மோதலால் கால்நடை விலை சரிந்து சிறு விவசாயிகள் நொடித்திருந்த காலத்தில்தான் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இளமையின் நல்ல ஆண்டுகளைத் தலைமறைவிலும் தடுப்பு முகாமிலும் கழித்து, ஈர நிலத்தில் தோண்டிய பதுங்குகுழிகளில் உடல்நலத்தைத் தொலைத்த ஒரு பண்ணைத் தொழிலாளி, அந்த நொடிந்த காலத்தில் கேட்டது தியாகத்தின் விலையை அன்று. அப்பணியால் அவர் இழந்த பிழைப்பில் ஒரு பகுதியையே. அவரது போராட்டத்தால் உருவான அரசு அந்த இழப்பைத் தன் கடனாக ஏற்பதில் இழிவு ஏதுமில்லை.

உண்மையான சிக்கல் அளவுகோலில் இருந்தது. ஓய்வூதியம் பெற ‘களப்பணி’ ஆற்றியிருக்க வேண்டும் என்று விதித்த 1934-ஆம் ஆண்டுச் சட்டம், களப்பணி எது என்பதைத் தெளிவாக வரையறுக்கவில்லை. அதனை முடிவுசெய்யும் பொறுப்பு நடுவர் ஒருவரிடமும் அவருக்குத் துணையான ஆலோசனைக் குழுவிடமும் விடப்பட்டது. பதுங்கித் தாக்கிய இடம் எது, கையில் ஆயுதம் இருந்ததா, பதவி என்ன என்று கேட்கும்போது ஊர்ப்புறத் தொண்டர் பலருக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. பங்குவட்டார அளவில் அமைந்த அவர்களது சிறு பிரிவுகளில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்ததில்லை. அவர்கள் செய்தது வேறு பணி: நள்ளிரவில் மண்வெட்டியுடன் கூடி, பிரிட்டிஷ் படை லாரி கடக்க முடியாதபடி சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டினர், சாலையோர மரங்களை அறுத்துக் குறுக்கே வீழ்த்தினர். மறுநாள் படையினர் வந்து துப்பாக்கி முனையில் ஊராரைக்கொண்டு பள்ளத்தை மூடச் செய்தால், மூடிய பள்ளத்தை மீண்டும் வெட்டினர். கடிதம் சுமப்பதும், காவல் நிற்பதும், தேடப்படுவோர்க்கு இடம் தருவதும் இவ்வகையினவே. பிடிபட்டால் சிறையோ அதனினும் கொடியதோ காத்திருந்த இப்பணிகள் இல்லையேல், கார்க் மாவட்டத்தின் கில்மைக்கேலில் 1920 நவம்பரில் நடந்தது போன்ற பதுங்கித் தாக்குதல்கள் நிகழ்ந்திருக்கவே முடியாது. வெடித்த துப்பாக்கியை எண்ணி, அதற்கு வழிகாத்த மனிதரை எண்ணாமல் விடும் கணக்கு நேர்மையான கணக்கன்று.

எனினும் ஆலோசனைக் குழுவினரின் கடுமைக்குக் காரணம் இருந்தது. 1921 ஜூலையில் போர்நிறுத்தம் வந்தபின், ஆபத்து நீங்கிய வேளையில் விடுதலைப் படையில் சேர்ந்தவர்கள் பலர். வறிய நாட்டின் வரிப்பணம் அவர்களுக்குப் போவது உண்மையில் உழைத்தவர்க்கு இழைக்கும் துரோகமாகும். ஆகவே பழைய அதிகாரிகளின் சான்று கேட்கப்பட்டது. படைப்பிரிவுவாரியாகக் குழுக்கள் அமைந்து, எந்த நிகழ்வில் யார் யார் இருந்தனர் என்ற பட்டியல்களைத் தயாரித்தன. அறத்தின் முழுச் சுமையும் இந்தச் சான்றாளர்மீதே விழுந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இரவொன்றைக் குறித்து அவர் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவரோ அடுத்த பண்ணைக்காரர், ஞாயிறுதோறும் ஒரே தேவாலயத்தில் முகம் பார்ப்பவர், ஒருவேளை உள்நாட்டுப் போரில் எதிரே நின்றவர். இரக்கத்தால் ஒன்றைக் கூட்டி எழுதினால் அது பொய்; பகையால் ஒன்றை விட்டுவிட்டால் அது அதனினும் பெரிய பொய், ஏனெனில் கூட்டியதைக் குறுக்கு விசாரணை கண்டுபிடித்துவிடக்கூடும், சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது.

பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி சட்டத்திலேயே இருந்தது. பிரிட்டனுக்கு எதிரான 1916 எழுச்சியில் டப்ளினில் குண்டடிபட்ட மார்கரெட் ஸ்கின்னைடரின் காயத்துக்கான கோரிக்கை, அதற்குரிய சட்டம் ஆண் வீரரையே குறிக்கிறது என்னும் காரணத்தால் 1925-இல் மறுக்கப்பட்டது. அவருக்கு ஓய்வூதியம் கிட்டியது 1938-இல். கமன் நா மான் என்னும் பெண்கள் படை 1934-இல் சேர்த்துக்கொள்ளப்பட்டபோதும், ஏ முதல் ஈ வரையிலான ஐந்து தரங்களில் கடைசி இரண்டுக்கு மேல் பெண்கள் செல்ல முடியவில்லை. கதவைத் தட்டிய தொண்டருக்கு உணவும் உலர்ந்த உடையும் தந்து, தேடுதலின்போது துப்பாக்கியை மறைத்துவைத்த ஊர்ப்புறப் பெண்ணின் துணிவு, இந்த அளவுகோலில் தாழ்ந்தே நின்றது.

மறுக்கப்பட்டோர் மீண்டும் முறையிட 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. முதல் நிறுவையில் பிழை நேர்ந்திருக்கலாம் என்பதை அரசு இதன்மூலம் ஒப்புக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். ஆனால் போர்நிறுத்தத்துக்கு 28 ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்த வாய்ப்பும் பழைய சான்றையே கேட்டது. அதற்குள் சான்று சொல்லவேண்டிய அதிகாரிகளுள் சிலர் இறந்திருந்தனர், சிலர் கடல் கடந்து குடியேறியிருந்தனர்.